அவன் வானத்தில் இருந்த நேரம்

குவளைச்சேரிச் சிவன் கோயிலின் நடை புதன்கிழமை விடியலில் சாத்தப்பட்டது. ஊருக்குள் உயிர் நீங்கிய உடல் ஒன்று கிடக்கும்வரை இறைவனுக்குப் பூசை இல்லை என்பது அவ்வூர் வழக்கம். விளக்கு இல்லை, மணியோசை இல்லை, நிவேதனம் இல்லை. உடல் எல்லையைக் கடந்து, தெருக்கள் நீரூற்றிக் கழுவப்பட்ட பிறகே குருக்கள் சாவியைக் கையில் எடுப்பார். அதுவரை எவர் வீட்டிலும் மங்கல காரியம் நடவாது; மாலை சூடி எவரும் வாசல் தாண்டுவதில்லை.

இம்முறை கிடந்தவர் துரைராசு. நாற்பது ஆண்டுகளாக அந்திதோறும் அதே சந்நிதியில் நின்று பதிகம் பாடியவர். குரல் இனியது என்று எவரும் சொன்னதில்லை. வயல் வேலை முடித்து, வாய்க்காலில் கால் கழுவி, ஈர வேட்டியோடு வந்து நிற்பார். பாடும்போது இடையில் சொல் மறந்துபோனால் கண்ணை மூடிக்கொண்டு அச்சொல் வரும்வரை காத்திருப்பார். குருக்களும் கற்பூரத் தட்டை ஏந்தியபடி காத்திருப்பார். சாமிக்கும் அது பழகிப் போயிருக்கும்.

அன்று இருள் பிரியுமுன் மடை பார்க்கப் புறப்பட்டவர் வாசற்படியில் சற்றே உட்கார்ந்தார். மனைவி அமிர்தம் செம்பில் நீர் கொண்டு வருவதற்குள் தூணில் தலை சாய்ந்திருந்தது.

ஒரே மகன் இளஞ்செழியன் சிகாகோவில் இருந்தான். புத்தாயிரம் பிறந்தால் ஆண்டெண் குழம்பிப் போகும் என்று உலகத்துக் கணினிகள் எல்லாம் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அச்சத்தைத் தீர்க்கக் கடல் கடந்து போன பல்லாயிரவரில் அவனும் ஒருவன். போனது முதல் ஒருமுறைதான் ஊர் வந்திருந்தான். துரைராசுவின் தம்பி செல்லராசு நெடுநேரம் போராடித் தொலைபேசியில் அவனைப் பிடித்து, செய்தியைச் சொல்ல நா எழாமல் கருவியை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டார்.

அமிர்தம் சொன்னாள்.

"அம்மா, எடுத்துடாதீங்கம்மா. நான் வந்துடுறேன். அப்பா முகத்த ஒரு தடவ பாத்துடுறேன்."

"நீ வராம எடுக்க மாட்டோம்ப்பா."

"சத்தியமா?"

"நீ வா ராசா. அப்பா இருப்பாரு."

அந்தச் சொல்லைக் காப்பதற்காக நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மீன் வண்டியில் பனிக்கட்டிப் பாளங்கள் வந்து இறங்கின. உமியைப் பரப்பி, பாளங்களை அடுக்கி, மேலே பாய் விரித்து அவரைக் கிடத்தினார்கள். நண்பகல் வாக்கில் மகனே அழைத்தான். பயணச்சீட்டு கிடைத்துவிட்டது, புதன்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிளம்புகிறேன், வானத்தில் மட்டும் பதினெட்டு மணி நேரம் என்றான். கூட்டமும் இரைச்சலுமாக இருந்த கூடத்தில் நின்று செல்லராசு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு வாசலுக்கு வந்து பந்தலில் இருந்தவர்களுக்கு அறிவித்தார்.

"இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஏறுறான். பதினெட்டு மணி நேரம். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மெட்ராஸ். அங்கேருந்து காருல எட்டு மணி நேரம் வச்சுக்குங்க. பொழுது சாயறதுக்குள்ள புள்ள வந்துடும். வந்ததும் எடுத்துடலாம்."

ஊர் மூச்சு விட்டது. வியாழன் மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் வெள்ளிக்கிழமை விடியலில் கோயில் திறந்துவிடும். அந்த விடியலில் அங்கே ஒரு திருமணம் இருந்தது. துரைராசுவின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடும் தங்கையன் மகள் செவ்வந்திக்கு. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் அது. அதைத் தவறவிட்டால் ஆடி.

அன்று பிற்பகல் முழுதும் பந்தலில் வான்வழியைப் பற்றியே பேச்சாக இருந்தது.

"ஏம் மாப்ள, ஏரோப்ளேனு நேரா வருமா? இல்ல நம்ம வேதாரண்யம் பஸ்ஸு மாதிரி ஊருக்கு ஊரு நின்னு ஆள் ஏத்திக்கிட்டு வருமா?"

"கை காட்டுனா நிக்கும். போயி நடு ரோட்டுல நின்னு காட்டிப் பாரேன்."

"சிகாகோ சிங்கப்பூருக்கு அந்தாண்டையா, இந்தாண்டையா?"

டீக்கடை மூஸா காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "எல்லாத்துக்கும் அந்தாண்ட. அதுக்கு அப்பால போனா மறுபடி நம்ம ஊருக்கே வந்துடுவீங்க."

சிரிப்பு எழுந்து, உள்ளிருந்து வந்த ஒப்பாரியில் அடங்கிற்று.

வியாழக்கிழமை பத்து மணி கடந்தது. பதினொன்றும் ஆயிற்று. சென்னையிலிருந்து அழைப்பு வரவில்லை. செல்லராசு தொலைபேசியின் அருகிலிருந்து எழவே இல்லை. அந்நேரம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஜாஃபர் சாதிக் வந்து சேர்ந்தான். இளஞ்செழியனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது கடைத்தெருவில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் பயண அலுவலகம் வைத்திருந்தான். துரைராசுவின் காலடியில் நெடுநேரம் நின்றுவிட்டு, அமிர்தத்தின் அருகே குந்தினான்.

"எப்ப ஏறுனானாம்மா?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு தம்பி. இந்நேரம் மெட்ராஸ் வந்திருக்கணும்."

அவன் முகம் மாறியது. அவன் வாய் திறக்குமுன் தொலைபேசி மணி அடித்தது. செல்லராசு கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணியிடம் நீட்டினார்.

"அம்மா, நான்தான். ஃபிராங்க்ஃபர்ட்டுல இருக்கேன்."

"மெட்ராஸ் வந்துட்டியாப்பா?"

"இல்லம்மா, ஜெர்மனி. பாதி வந்துட்டேன். இன்னும் பாதி இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல அடுத்த ஃப்ளைட்டு. ராத்திரி மெட்ராஸ்ல இறங்கிடுவேன். காலையில ஒம்போது, பத்து மணிக்கு வீட்டுல இருப்பேன்."

"காலையிலயா?"

"நாளைக்குக் காலையிலம்மா. அப்பா எப்படிம்மா இருக்காரு?"

இறந்தவரைப் பற்றி அவன் அப்படிக் கேட்டதை அவள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "தூங்குற மாதிரி இருக்காருப்பா" என்றாள்.

"எடுத்துடாதீங்க. வந்துகிட்டே..."

இணைப்பு அறுந்தது. அந்த ஊரில் நாணயம் போட்டுப் பேசியிருப்பான். தீர்ந்திருக்கும் என்றான் ஜாஃபர் சாதிக்.

கூடத்தில் அனைவரும் அவனையே பார்த்தனர். அவன் தாழ்ந்த குரலில் விளக்கினான். "அவங்க கடிகாரம் நம்மளவிட பத்தரை மணி நேரம் பின்னாடிம்மா. அவன் சொன்ன சாயங்காலம் நாலு மணி அந்த ஊரு நாலு மணி. நமக்கு அது நேத்து ராத்திரியும் கழிஞ்சு, இன்னிக்கு ரெண்டரை மணி. அப்பதான் அவன் ஏறியிருப்பான். பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நடுவுல இறங்கி வேற மாறி ஏறணும். இனிமே முடுக்கிப் பறக்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது."

செல்லராசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மேட்டூரில் மதகு தூக்கிய நாளுக்கும், அந்நீர் கல்லணை வந்து, ஆறுகளாய்ப் பிரிந்து, கடைமடையாகிய குவளைச்சேரி வாய்க்காலை நனைக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்பதை அவர் உறக்கத்திலும் சொல்வார். திறந்தார்கள் என்று வானொலி சொன்ன அன்றே நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்கும் அவசரக்காரனை அவ்வூரில் எவரும் கண்டதில்லை. அப்படிப்பட்டவர், மகன் சொன்ன மணியைத் தம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். ஞாயிறு இங்கே எழும்போது அங்கே விழுகிறது என்பது அவருக்குத் தெரியாததன்று. அழுகைக்கு நடுவே அது நினைவில் நிற்கவில்லை.

"எம் புத்தி எங்க போச்சு அண்ணி" என்றார்.

"விடுங்க தம்பி. நாளைக்கு வந்துடுறேன்னுதான சொல்றான். வரட்டும்" என்றாள் அமிர்தம். இன்னும் ஓர் இரவுதானே என்று அவளுக்குத் தோன்றிற்று. பனிக்கட்டி இன்னொரு வண்டி வரவழைக்கலாம்.

சற்றுப் பொறுத்து முகம் கழுவக் கொல்லைப்புறம் போனாள். வேலிக்கு அப்பால், வைக்கோற்போரின் மறைவில் இருவர் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் தங்கையன். மற்றவர் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைக்கு துபாய் ஃப்ளைட்டு. விசா தேதி அதோட முடியுது. போனா ரெண்டு வருஷம் ஆவும் திரும்ப. பொண்ண அதுவரைக்கும் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

"உக்காந்திருக்கேன்."

"வேற ஊரு கோயில்ல வச்சுக்குவோம்யா. ராவோட ராவா பொண்ண அழைச்சிக்கிட்டு வந்துடு."

"அண்ணன் கிடக்குறப்ப எம் பொண்ணு மாலையோட அந்த வாசலத் தாண்டிப் போவாளா? என்னங்க பேசுறீங்க?"

"அப்ப அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த கேளு."

"கேக்க மாட்டேன்." தங்கையன் குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "அவரு நெலத்துலதான் நானும் எங்கப்பாவும் ஒழச்சுச் சாப்புட்டோம். அந்தப் புள்ள அப்பன் மொகத்தப் பாக்கணும்னு ஒலகத்தையே சுத்திக்கிட்டு வருது. சீக்கிரம் எடுங்கன்னு நான் போயி கேக்கவா? ஒங்களுக்குக் காத்திருக்க முடியலன்னா வேற பொண்ணு பாத்துக்குங்க. போங்க."

பிறகு ஒரு பெண் விசும்பும் ஒலி கேட்டது. தங்கையன் மனைவி அம்சம்.

அமிர்தம் தொட்டியின் ஓரத்தில் நின்றாள். செவ்வந்தியின் திருமணத்தை இரண்டு நாளாக அவள் மறந்தே போயிருந்தாள். போன வாரம் அம்சம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தபோது, "அண்ணன்தான் மொதல்ல அட்சதை போடணும்" என்றதும், துரைராசு சிரித்துக்கொண்டே, "பாட்டும் பாடுவேன், மாப்பிள்ள ஓடிடாம பாத்துக்க" என்றதும் இப்போது நினைவுக்கு வந்தன. கூடவே இன்னொன்றும் தோன்றியது. நாற்பது ஆண்டு அந்தி தவறாமல் போய் நின்றவரின் பொருட்டே, சாமி இரண்டு நாளாக இருட்டில் பட்டினி கிடக்கிறார். இன்றிரவும் கிடப்பார். இவர் எழுந்து வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

அவள் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது. மறுகணமே மகனின் குரல் காதில் வந்து நின்றது: சத்தியமா?

தொட்டி நீரில் கையை விட்டபடி எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. கூடத்துக்கு வந்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"தம்பி, எடுத்துடலாம்."

செல்லராசு புரியாமல் பார்த்தார். "எத அண்ணி?"

"இன்னிக்கே. பொழுது சாயறதுக்குள்ள. கொள்ளி நீங்க வைங்க."

"புள்ள வந்துகிட்டு இருக்கான் அண்ணி! வாக்குக் குடுத்திருக்கோம்!"

"நாந்தான் குடுத்தேன். நாந்தான் தப்புறேன். நீங்க குடுக்கல."

"ஊருல யாரும் ஒண்ணும் சொல்லலியே. எல்லாரும் காத்திருக்கத்தான செய்யிறாங்க?"

"சொல்லாததுனாலதான் சொல்றேன்." அவள் வாசலைப் பார்த்துக் கூவினாள். "அம்சம்! ஏய் அம்சம்! போயி பந்தக்கால் நடச் சொல்லு உம் புருஷன. அண்ணி சொன்னான்னு சொல்லு."

அம்சம் ஓடி வந்து காலில் விழுந்தாள். "வேணாம் அண்ணி, வேணாம். எங்களால அந்தப் புள்ளைக்கு..." என்று அரற்றினாள். தங்கையன் வாசலில் நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அமிர்தம் அவளைத் தூக்கவில்லை. "எழுந்திருடி. நாளைக்கு உம் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறப்ப அழுது தொலைக்காத" என்றாள்.

ஜாஃபர் சாதிக் ஒரு தூணருகே நின்றிருந்தான். அவனை அழைத்தாள்.

"தம்பி, நீ மெட்ராஸுக்குப் போயி அவன அழைச்சிக்கிட்டு வந்துடு."

"சரிம்மா. அவன்கிட்ட இத எப்படிம்மா..."

"சொல்லாத. வழியில ஒண்ணும் சொல்லிடாத. நாந்தான் சொல்லணும்."

அவன் தலையசைத்தான். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரை அவன் வானூர்தி நிலையத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைத் துபாய்ப் பயணத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தவனும் அவனே. இவ்விரு பயணங்களும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்று அவன் எண்ணியதில்லை. காரில் ஏறுமுன் திரும்பி வந்து துரைராசுவின் காலடியில் இன்னொரு முறை நின்றான்.

குளிப்பாட்ட நீர்மாலை எடுத்தார்கள். வாய்க்கரிசி இட்டார்கள். மேற்கே வெயில் தாழ்ந்து வயல்கள் பொன்னிறம் கொண்ட வேளையில் துரைராசு கோயில் தெருவைக் கடந்தார். சாத்திய கதவின் முன் பாடை ஒரு கணம் நின்றது; அப்படி நிற்பது அவ்வூர் வழக்கமில்லை. தூக்கியவர்களுள் எவருக்கோ தோன்றியிருக்கிறது, நின்றார்கள். பிறகு நடந்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினர். குடம் குடமாக நீர் கொண்டுவந்து தெருவைக் கழுவினர். இருள் சூழுமுன் கோயில் நடை திறந்தது. இரண்டு நாள் அடங்கியிருந்த மணி ஒலித்தபோது அமிர்தம் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

செல்லராசு சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்த ஈரத்தோடு எதிரே வந்து அமர்ந்தார்.

"இந்நேரம் அவன் எங்க இருப்பான் தம்பி?"

"எங்கியோ வானத்துல இருப்பான் அண்ணி. கீழ ஏதாச்சும் கடல் இருக்கும்."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

"எப்படித் தெரியும்? மேல போயி யாரு சொல்லுவா?"

நேற்று முழுதும் அந்த வானூர்தி விரைந்து வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது அது மெல்ல வரட்டும் என்று மனம் கெஞ்சியது. இந்த ஊரில் இனி துரைராசுவின் முகம் இல்லை. அங்கே, மேகத்துக்கும் மேலே, ஓர் இருக்கையில், அம்முகம் தனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் தரையிறங்கும்வரை அவனளவில் அது காத்திருக்கும். அவ்வளவு நேரமாவது அவனுக்கு இருக்கட்டும்.

"இன்னும் கொஞ்சம் தூரமா இருந்திருக்கலாம் அந்த ஊரு" என்றாள். செல்லராசு அவளை ஏறிட்டுப் பார்த்து, துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று எண்ணி, நீர் கொண்டுவரச் சொன்னார்.

சென்னையிலிருந்து வரும் வழியெல்லாம் இளஞ்செழியன் பேசிக்கொண்டே வந்தான். ஜாஃபர் சாதிக் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

"அப்பாவுக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் தனியா உக்காரணும்டா. யாரும் அழக்கூடாது. முடியுமா?"

"ம்."

"நீ ஏன்டா ஊமையாட்டம் வர்ற? தூக்கமா? நான் ஓட்டட்டுமா?"

"வேணாம். நீ அங்க ரோட்டுக்கு அந்தப் பக்கமா ஓட்டிப் பழகிட்ட."

சிரித்தான் இளஞ்செழியன். சிரித்ததற்காக வெட்கினான். சிதம்பரம் தாண்டியபோது வெயில் ஏறியது. அதன் பின் அவன் பேச்சும் குறைந்தது.

குவளைச்சேரி வாய்க்கால் மதகருகே கார் திரும்பியபோது நாகசுரம் கேட்டது. ஜாஃபர் சாதிக் வண்டியை நிறுத்தினான். எதிரே கோயிலிலிருந்து மணமக்கள் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. வாழைமரம் கட்டிய வாசல், மஞ்சள் நீர், பூமாலை, குழந்தைகளின் கூச்சல். இளஞ்செழியன் அந்த ஊரில் பிறந்தவன். பிணம் கிடக்கும் ஊரில் மேளம் முழங்காது என்பதை அவனுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஜாஃபரின் பக்கம் திரும்பவில்லை. காரிலிருந்து இறங்கினான். தீட்டு உள்ளவன் மணமக்களின் எதிரே வரலாகாது. வாய்க்கால் கரையின் சரிவில் இரண்டடி இறங்கி, முதுகைக் காட்டி நின்றான். ஊர்வலம் அவனைக் கடந்து போக நெடுநேரம் ஆயிற்று. செவ்வந்தி ஒருமுறை திரும்பிப் பார்த்து, தலை குனிந்து நடந்தாள்.

அமிர்தம் கூடத்தில் இருந்தாள். அவன் உள்ளே வந்து நின்றான். வெறுந்தரையைப் பார்த்தான்.

"எப்பம்மா?"

"நேத்து சாயங்காலம். நீ வானத்துல இருந்தப்ப."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"நாந்தான்ப்பா." அவள் காரணம் அனைத்தையும் சொன்னாள். செவ்வந்தியைச் சொன்னாள், துபாயைச் சொன்னாள், விளக்கில்லாத சாமியைச் சொன்னாள். சொல்லி முடிந்ததும், "ஒரு ராத்திரிம்மா. ஒரே ஒரு ராத்திரிதான் முந்திகிட்டீங்க" என்றான். சினத்தோடு சொல்லவில்லை; அதனாலேயே அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"திட்டுடா. என்னத் திட்டிடு."

அவன் அவளருகே தரையில் அமர்ந்தான். பயணத்தில் கசங்கிய சட்டையோடு, குழந்தையைப் போல் அவள் தோளில் சாய்ந்தான். பிறகு கேட்டான்.

"முகம் எப்படிம்மா இருந்துச்சு?"

சொல்ல வாயெடுத்தாள். தூங்குற மாதிரி என்ற சொல் நாவில் வந்து நின்றுவிட்டது. அதை முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்வது என்று தேடினாள். புதன்கிழமை விடியலிலிருந்து அவர் தலைமாட்டிலேயே இருந்தாள். ஈக்களை ஓட்டினாள், துணியைச் சரி செய்தாள். ஆனால் அவள் கண்கள் அவ்விரண்டு நாளும் வாசலிலும் தெருமுனையிலும் தொலைபேசியிலும் அல்லவா இருந்தன? வாய்க்கரிசி இட்டபோதும், கடைசிக் கணத்திலாவது அந்தக் கார் வந்துவிடாதா என்று பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றான் மகன்.